செசில்கள்: காலம் கடத்திக் காலூன்றிய குடும்பம்

இங்கிலாந்து அரசியலில் செசில் குடும்பத்தின் கணக்கை 1558-லிருந்து தொடங்கலாம். அந்த நவம்பரில் அரியணை ஏறிய முதலாம் எலிசபெத், முதல் வேலையாக வில்லியம் செசிலைத் தன் செயலாளராக்கினார். 440 ஆண்டுகள் கழித்து, 1998-ல், அவர் வழிவந்த ஒருவர் டோனி பிளேர் அரசோடு ரகசியமாகப் பேரம் பேசி, பரம்பரைப் பிரபுக்களுக்கு நாடாளுமன்றத்தில் 92 இடங்களை மிச்சம் பிடித்தார். நடுவில் இந்த வீட்டிலிருந்து வந்தவர்கள்: அரசவையை ஆட்டிவைத்த தந்தையும் மகனும், மூன்று முறை பிரதமரான ஒருவர், அவருக்குப் பின் பிரதமரான அவருடைய சகோதரி மகன், அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஒருவர், பிரபுக்கள் சபையின் தலைவர்கள் பலர்.

இதைவிடப் பழைய குடும்பங்கள் இங்கிலாந்தில் உண்டு. நில வருமானத்தில் இவர்களைத் தூக்கிச் சாப்பிடுகிற டியூக்குகளும் உண்டு. செசில்கள் போர்க்களத்தில் பெயர் வாங்கியவர்கள் அல்லர். அவர்கள் ஆயுதம் கடிதமும் கோப்பும்தான். மாற்றம் ஒன்று வரும்போது அதை எவ்வளவு நாள் இழுத்தடிக்க முடியுமோ அவ்வளவு நாள் இழுத்தடிப்பது, இனித் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முன்பாகப் போய் நிபந்தனை பேசுவது என்பதுதான் அவர்கள் கைவந்த வித்தை. அரண்மனையிலும் நாடாளுமன்றத்திலும் அது பலித்தது. அதே பழக்கத்துக்கு வேறு இடங்களில் வேறு மனிதர்கள் விலை கொடுத்தார்கள்.

மூன்று ஆட்சிகளைத் தாண்டியவர்

குடும்பத்தின் வேர் வேல்ஸ் எல்லைப்புறத்தில் இருக்கிறது. வில்லியமின் தாத்தா டேவிட் செசில், 1485-ல் ஏழாம் ஹென்றி அரியணையைப் பிடித்தபோது அவரோடு சேர்ந்து முன்னுக்கு வந்தவர். லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டில் குடியேறிச் சிறு நிலக்கிழார் ஆனார். பேரன் வில்லியம் கேம்பிரிட்ஜில் படித்து, ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் முப்பது வயதிலேயே அரசுச் செயலாளர் பதவியைப் பிடித்தார்.

1553-ல் எட்வர்டு இறந்தபோது, லேடி ஜேன் கிரேயை அரியணையில் அமர்த்தும் பத்திரத்தில் வில்லியமின் கையெழுத்தும் இருந்தது. ஜேன் ஒன்பது நாளில் வீழ்ந்தார்; அந்தத் திட்டத்தை வகுத்த நார்தம்பர்லாண்டு டியூக்கின் தலை உருண்டது. வில்லியம் தப்பினார். வற்புறுத்தலால் போட்ட கையெழுத்து என்று அவர் சொன்னதைப் புதிய ராணி மேரி ஏற்றுக்கொண்டார். புராட்டஸ்டன்டான வில்லியம், கத்தோலிக்க மேரியின் ஐந்தாண்டு ஆட்சியில் வாயைத் திறக்காமல் திருப்பலிக்குப் போய் வந்தார். இளவரசி எலிசபெத்தின் சொத்துகளை நிர்வகிக்கும் வேலையையும் விடாமல் வைத்திருந்தார். கொள்கைக்காக எரிக்கப்பட்டவர்கள் முந்நூறு பேர் அளவில் இருந்த காலம் அது. அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ராணி மாறியபோது புதிய ஆட்சிக்கு ஆயத்தமாக நின்ற நிர்வாகி அவர் ஒருவர்தான்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவர் நகரவில்லை. 1571-ல் பர்லி பிரபுவானார். 1572 முதல் 1598-ல் இறக்கும் வரை நாட்டின் கருவூலத் தலைவர். தந்தையை இழந்த பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு காப்பாளராக இருந்த நீதிமன்றத்தின் தலைமையும் அவரிடம்தான். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அவர் கூரையின் கீழ் வளர்ந்தார்கள். அவர்களுடைய சொத்து வரவும் திருமணப் பேச்சும் அவர் கையில் இருந்தன. அந்தப் பதவி சம்பளத்தைவிட ‘மேல்வரும்படி’க்குப் பேர்போனது.

ஸ்காட்லாந்து ராணி மேரியின் மரண தண்டனை விவகாரத்தில் அவருடைய வேலைமுறை துல்லியமாகத் தெரிகிறது. 1587 பிப்ரவரியில் எலிசபெத் உத்தரவில் கையெழுத்திட்டுவிட்டுத் தயங்கினார். பர்லி ஆலோசனைக் குழுவைக் கூட்டி, ராணியிடம் மறுபடி கேட்காமலே உத்தரவை ஃபோதரிங்கே கோட்டைக்கு அனுப்பிவைத்தார். மேரியின் தலை விழுந்த செய்தி கேட்டு எலிசபெத் கொதித்தார். உத்தரவைக் கையில் வைத்திருந்த செயலாளர் டேவிசன் சிறைக்குப் போனார். பர்லி சில மாதம் ராணியின் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்துவிட்டு, பழையபடி மேசைக்குத் திரும்பினார்.

கூனல் முதுகும் கூரிய மூளையும்

மூத்த மகன் தாமஸுக்கு ஸ்டாம்ஃபோர்டு பக்கத்துப் பர்லி மாளிகை போய்ச் சேர்ந்தது. அந்தக் கிளை எக்ஸெட்டர் பட்டத்தோடு ஒதுங்கிவிட்டது. அரசியல் வாரிசு இளையவர் ராபர்ட்தான். குள்ளம், கூன் விழுந்த முதுகு. எலிசபெத் அவரைக் குள்ளன் என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார். அடுத்து வந்த ஜேம்ஸ் மன்னர் வேட்டைநாய்ப் பெயரால் அழைத்தார். இரண்டையும் ராபர்ட் சகித்துக்கொண்டார்.

எலிசபெத்தின் கடைசி ஆண்டுகளில், அடுத்த மன்னர் யார் என்று பேசுவதே குற்றம். ராபர்ட் அந்தக் குற்றத்தை 1601 முதல் ரகசிய எழுத்துக்குறி வைத்த கடிதங்களில் செய்துகொண்டிருந்தார். மறுமுனையில் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ். 1603 மார்ச்சில் எலிசபெத் கண்மூடியதும் சில மணி நேரத்தில் ஜேம்ஸ் மன்னராக அறிவிக்கப்பட்டார். எல்லோரும் உள்நாட்டுப் போரை எதிர்பார்த்திருந்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. 1605-ல் ராபர்ட் சாலிஸ்பரி ஏர்ல் ஆனார். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டபோது விசாரணையை நடத்தியதும் அவர்தான். ஸ்பெயினோடு 1604-ல் சமாதானம் பேசியவரும் அவரே. அதே ஸ்பெயினிடம் ரகசியமாக ஆண்டுப்பணம் வாங்கிவந்தவரும் அவரே. அந்தக் காலத்து அமைச்சர்களில் பலர் அப்படித்தான் என்பது அவருக்காகச் சொல்லப்படும் சமாதானம்.

தந்தை கட்டிய தியோபால்ட்ஸ் மாளிகை மீது ஜேம்ஸுக்கு ஆசை வந்தது. 1607-ல் அதைக் கொடுத்துவிட்டு, லண்டனுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள ஹாட்ஃபீல்டு அரண்மனையை ராபர்ட் பெற்றுக்கொண்டார். எலிசபெத் சிறுவயதில் வளர்ந்த இடம் அது. ராணியான செய்தி அவரை வந்தடைந்ததும் அங்கேதான். ராபர்ட் பழைய அரண்மனையின் மூன்று பக்கங்களை இடித்தார். அந்தச் செங்கல்லையும் சேர்த்து 1611-க்குள் புது மாளிகையை எழுப்பி, தோட்டத்துக்கு மூத்த ஜான் டிரேட்ஸ்கன்டை அமர்த்தினார். அவர் ஐரோப்பாவெங்கும் அலைந்து பழமரக் கன்றுகளும் மலர்க்கிழங்குகளும் வாங்கி வந்தார். வீடு முடிந்த மறு ஆண்டே ராபர்ட் இறந்துபோனார். ஊர்த் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. மண்டியிட்ட நான்கு பெண் உருவங்கள் தோளில் தாங்கும் கறுப்புக் கற்பலகை மேல், கருவூலக் கோலைப் பிடித்தபடி வெண்சலவைக்கல்லில் அவர் படுத்திருக்கிறார். பலகைக்குக் கீழே, பாய்மேல் கிடத்திய ஓர் எலும்புக்கூடு, அதுவும் சலவைக்கல்தான்.

அடுத்த இருநூறு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டம் கைமாறியது, ஒருவர் கத்தோலிக்கரானார், சிலர் கடனில் மூழ்கினார்கள். 1789-ல் ஏர்ல் பட்டம் மார்க்வெஸ் ஆக உயர்ந்தது. 1835-ல் மாளிகையின் மேற்குப் பகுதி தீப்பிடித்து, முதல் மார்க்வெஸின் முதிய மனைவி கருகி மாண்டார். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது 1821-ல் நடந்த ஒரு கல்யாணம். லிவர்பூல் வணிகத்திலும் எசெக்ஸ் நிலத்திலும் சேர்ந்த காஸ்கோயின் குடும்பச் செல்வத்தின் ஒரே வாரிசான ஃபிரான்சஸ், மருமகளாக வந்தார். அன்றிலிருந்து குடும்பப் பெயர் காஸ்கோயின்-செசில்.

வராத பட்டம் வந்தது

ஃபிரான்சஸின் மகன்களில் ஒருவரான ராபர்ட், 1830-ல் ஹாட்ஃபீல்டில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் சக மாணவர்களின் அடி உதை தாங்காமல் பதினைந்து வயதில் வீட்டுக்குத் திரும்பினார். லண்டன் தெருவில் பள்ளித் தோழர் யாராவது எதிரே வந்துவிடுவார்களோ என்று சந்துகளில் நடந்த பையன் அவர். 1857-ல் தந்தையின் விருப்பத்தை மீறி, சொத்தில்லாத நீதிபதி மகள் ஜார்ஜினாவை மணந்தார். தந்தை கைவிரித்துவிட, எம்.பி.யாக இருந்துகொண்டே பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். அந்தக் காலத்தில் எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது. கட்டுரைகளில் அவர் கிழிக்காத தலைவர் இல்லை; தன் கட்சித் தலைவர் டிஸ்ரேலியையும் விடவில்லை. 1865-ல் அண்ணன் இறந்த பிறகுதான் அவர் வாரிசானார். 1868-ல் சாலிஸ்பரியின் மூன்றாம் மார்க்வெஸ்.

எதையும் நம்பாதவர் அவர். நல்லது செய்வதாகச் சொல்லிக் கிளம்பும் எவரும் கெடுதியில்தான் முடிப்பார்கள், ஆகவே செய்வதைக் குறைவாகச் செய், தாமதமாகச் செய் என்பதே அவருடைய அரசியல். வாக்குரிமையை விரிவாக்கிய 1867 மசோதாவை எதிர்த்து அமைச்சர் பதவியை உதறினார். ஆனால் 1884-ல் அடுத்த விரிவாக்கம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் அதை மறித்துவைத்துக்கொண்டு பிரதமர் கிளாட்ஸ்டனைப் பேச்சுக்கு இழுத்தார். தொகுதி எல்லைகளைத் தன் கட்சிக்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொண்டு, மசோதாவை விட்டுக்கொடுத்தார். புறநகரில் வசதியானவர்கள் வாழும் பகுதிகள் தனித் தொகுதிகளாயின. அந்தத் தொகுதிகள் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பல பத்தாண்டுகள் சோறு போட்டன. கொள்ளுத் தாத்தாக்களின் வித்தை கைக்கு வந்துவிட்டதற்கு இதுவே அத்தாட்சி.

ஒடிசா, சென்னை

இந்த மனிதரின் பெயர் இந்திய வரலாற்றில் இரண்டு பஞ்சங்களோடு வருகிறது.

1866 ஜூலையில் அவர் முதன்முறை இந்திய விவகார அமைச்சரானபோது ஒடிசாவில் பட்டினி பரவியிருந்தது. எச்சரிக்கை அவர் கைக்கு வந்தது. வங்காள நிர்வாகம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல, அதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தார். அதற்குள் பருவமழை கடலோரத்தை மூடிவிட, தானியக் கப்பல் கரை சேர முடியவில்லை. பத்து லட்சம் பேர் மாண்டதாக அன்றைய மதிப்பீடு. தான் கழித்த அந்த இரண்டு மாதங்களுக்காகப் பிற்காலத்தில் அவர் தன்னையே நொந்துகொண்டார். ஆட்சியாளர்களில் அப்படி ஒப்புக்கொண்டவர்கள் குறைவு.

1874-ல் அதே இலாகா மறுபடி அவரிடம் வந்தது. அப்போது பீகாரில் பஞ்சம். வைசிராய் நார்த்புரூக்கும் அதிகாரி ரிச்சர்டு டெம்பிளும் பர்மாவிலிருந்து அரிசி இறக்கினார்கள்; சாவு மிகக் குறைவு. செலவு அதிகம் என்று டெம்பிளுக்குத் திட்டு விழுந்தது. 1876-ல் தெற்கே மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் மூண்டபோது, சிக்கனம் காட்டச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் அதே டெம்பிள். வாங்கிய திட்டை அவர் மறக்கவில்லை. நிவாரண வேலையில் கல் உடைப்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடச் சில காசு என்று கூலியைக் குறைத்தார். இது அரை கிலோவுக்கும் குறைவு. உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் ஆதாரத்தோடு வாதாடினார். அரசுக் கணக்கில் தானியம் வாங்கிய கவர்னர் பக்கிங்காமை, சந்தையில் கை வைக்காதே என்று கல்கத்தா கண்டித்தது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் வைசிராய் லிட்டன் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். லண்டனில் பொறுப்பான அமைச்சர் சாலிஸ்பரியோ அந்த வாரங்களில் துருக்கிப் பிரச்சினை பேசக் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தார்.

கூலி பிறகு உயர்த்தப்பட்டது. பஞ்சம் ஓய்ந்தபோது தென்னிந்தியாவிலும் மேற்கிலும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சென்னைக்காரர்கள் இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்காம் கால்வாயின் நகர்ப்பகுதி அந்தப் பஞ்சகால நிவாரண வேலையில் தோண்டியது. கூலியைக் குறைத்தது டெம்பிளும் லிட்டனும்தான், சாலிஸ்பரி நேரடியாக அல்ல. ஆனால் ஒடிசா அவருக்குக் கற்பித்ததாகச் சொல்லப்படும் பாடம், மேலதிகாரியாக அவர் இருந்த இந்த இரண்டாண்டில் எங்கும் கண்ணில் படவில்லை.

வேறு இரண்டு முடிவுகள் நேரடியாக அவருடையவை. லங்காஷயர் ஆலைத் துணிமீது இந்தியா விதித்த இறக்குமதி வரியை நீக்கச் சொல்லி வைசிராய் நார்த்புரூக்கை நெருக்கினார்; பிணக்கு முற்றி நார்த்புரூக் 1876-ல் பதவி விலகினார். அதே ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வெழுதும் வயது வரம்பை 21-லிருந்து 19-ஆகக் குறைத்தார். கடல் கடந்து லண்டன் போய் எழுத வேண்டிய தேர்வு அது; 19 வயதுக்குள் என்றால் இந்தியப் பையன்களுக்குக் கதவு மூடியது மாதிரிதான். அதை எதிர்த்து 1877-ல் சுரேந்திரநாத் பானர்ஜி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்தியா முழுவதையும் ஒரே கோரிக்கையில் இணைக்க நடந்த முதல் அரசியல் சுற்றுப்பயணம் அது. எட்டாண்டில் காங்கிரஸ் பிறந்தது.

பிரதமரான பிறகும் இந்தியா அவர் வாயில் அகப்பட்டது. 1888-ல் எடின்பரோ கூட்டம் ஒன்றில், ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேய வாக்காளர் தேர்ந்தெடுப்பார்களா என்ற பொருளில் பேசினார். குறிவைக்கப்பட்டவர், இரண்டாண்டுக்கு முன் லண்டனில் ஹோல்பர்ன் தொகுதியில் தோற்ற தாதாபாய் நவ்ரோஜி. அந்தப் பேச்சு நவ்ரோஜிக்கு நாடறிந்த பெயர் வாங்கிக் கொடுத்தது. 1892-ல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில், விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார்.

பிரதமரும் மூன்று சக்கர வண்டியும்

1885-ல் ஒரு முறை, 1886 முதல் 1892 வரை, பிறகு 1895 முதல் 1902 வரை என்று மொத்தம் 13 ஆண்டுகளுக்கு மேல் சாலிஸ்பரி பிரதமராக இருந்தார். பெரும்பாலான காலம் வெளியுறவு இலாகாவும் அவரிடமே. மாவட்டக் கவுன்சில்களை உருவாக்கிய 1888 சட்டமும், ஆரம்பக் கல்வியை ஏறக்குறைய இலவசமாக்கிய 1891 சட்டமும் அவர் காலத்தவை. இரண்டையும் அவர் உற்சாகத்தோடு செய்யவில்லை. எதிர்க்கட்சி செய்வதற்கு முன் தான் செய்தால் சேதம் குறைவு என்று செய்தார். ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டுக்கொண்ட காலம் அது. செசில் ரோட்ஸின் கம்பெனிக்கு 1889-ல் அரச சாசனம் தந்தது அவர் அரசு. ரோட்ஸின் ஆட்கள் 1890 செப்டம்பரில் ஷோனா மக்களின் நிலத்தில் கொடி நட்டு, அந்த இடத்துக்குச் சாலிஸ்பரி கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் அவர் வேறு ஆள். ஹாட்ஃபீல்டில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். மாளிகையில் தொலைபேசி இழுத்துச் சோதித்தார். 1880-களின் தொடக்கத்திலேயே மின்விளக்கு போட்டார். நீண்ட கூடத்தின் மரக்கூரையில் கம்பி தீப்பொறி கக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கும் பிள்ளைகள் திண்டுகளை எறிந்து அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்களாம். பருத்த உடம்புக்கு வைத்தியர் உடற்பயிற்சி சொல்ல, கிழவர் மூன்று சக்கர மிதிவண்டியில் தோட்டத்தைச் சுற்றினார். மேட்டில் பின்னாலிருந்து தள்ளும் வேலைக்காரப் பையன், இறக்கம் வந்ததும் பின்கட்டையில் தொற்றிக்கொள்வான்.

1900-ல் அவர் அமைத்த அமைச்சரவையைப் பார்த்து எதிர்க்கட்சி ‘ஓட்டல் செசில்’ என்று கேலி பேசியது. லண்டன் ஸ்டிராண்டு தெருவில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு பெரிய ஓட்டல் அப்போது திறந்திருந்தது. ஒரு சகோதரி மகன் கருவூலத்தின் முதல் பிரபு, இன்னொருவர் வர்த்தகத் துறையில், மருமகன் கடற்படையில், மூத்த மகன் வெளியுறவுத் துணை அமைச்சர். மாமன் மச்சான் அரசியல் என்று நம் ஊரில் சொல்லுவதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைக்காது. 1902-ல் அவர் விலகியபோது நாற்காலியில் அமர்ந்தது அந்த முதல் சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபர். மூன்றரை ஆண்டில் கட்சியை இரண்டாக உடைத்துவிட்டு, 1906 தேர்தலில் தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது 1917-ல் வெளியுறவு அமைச்சராக அவர் எழுதிய கடிதத்துக்காக. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் என்ற வாக்குறுதி அது. செசில் ரத்தத்தில் வந்த எந்தக் காகிதமும் அத்தனை உயிரோடு இன்றுவரை விவாதிக்கப்படுவதில்லை.

ஐந்து மகன்கள்

சாலிஸ்பரி 1903-ல் இறந்தபோது ஐந்து மகன்கள் இருந்தார்கள். 1911-ல் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரத்தைப் பறிக்கும் மசோதா வந்தபோது, அவர்கள் குடும்ப வித்தையை மறந்து முட்டி மோதினார்கள். காமன்ஸ் சபையில் பிரதமர் அஸ்க்வித்தைப் பேசவிடாமல் கூச்சலிட்ட கும்பலுக்கு முன்னணியில் நின்றவர் கடைசி மகன் ஹியூ. மூத்தவர், நான்காம் மார்க்வெஸ், இறுதிவரை எதிர்க்கும் அணியில் இருந்தார். 131-க்கு 114 என்ற வாக்கில் தோற்றார்கள். 1930-களில் இந்தியாவுக்கு வரம்புள்ள சுயாட்சி தந்த சட்டத்தையும் நான்காம் மார்க்வெஸ் எதிர்த்தார், அதுவும் நிறைவேறியது. பேரம் பேசாமல் மோதிய இரண்டு முறையும் செசில்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1916-ன் தொடக்கத்தில் ஹாட்ஃபீல்டு பூங்காவில் அகழி தோண்டி, முள்கம்பி கட்டி, உலகின் முதல் டாங்கிகளில் ஒன்றை ஓட்டிப் பார்த்தது ராணுவம்; மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் வந்து பார்த்தார். அந்தப் போர் குடும்பத்தை நேரடியாகத் தாக்கியது. பிஷப்பாக இருந்த இரண்டாம் மகன் வில்லியம் தன் நான்கு மகன்களில் மூவரைப் பறிகொடுத்தார். இன்னொரு மகன் எட்வர்டின் ஒரே மகன் ஜார்ஜ், போர் தொடங்கிய முதல் மாதத்திலேயே பிரான்சில் இறந்தான்.

மூன்றாம் மகன் ராபர்ட்தான் இந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு. தந்தைக்குச் சந்தேகம் எப்படியோ, இவருக்கு நம்பிக்கை அப்படி. பெண்கள் வாக்குரிமைக்குக் குரல்கொடுத்தார். பெண்கள் காமன்ஸ் சபைக்குப் போட்டியிடலாம் என்ற 1918 சட்டத்தை முன்மொழிந்தவரும் அவரே. போர்க்காலத்தில் ஜெர்மனியைப் பட்டினிபோட்ட முற்றுகை இலாகாவின் அமைச்சர்; அந்த வேலையில் இருந்தபடியே, இனி இப்படி நடக்காமல் தடுக்க நாடுகளின் அமைப்பு ஒன்று வேண்டும் என்று 1916-ல் குறிப்பு எழுதினார். 1919-ல் பாரிஸில் சர்வதேசச் சங்கத்தின் உடன்படிக்கையை வரைந்தவர்களில் முக்கியமானவர். ஆயுதக் குறைப்பில் அரசு மெத்தனம் காட்டியது என்று 1927-ல் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். 1934-35-ல் அவர் முன்னின்று நடத்திய ‘சமாதான வாக்கெடுப்பில்’ வீடு வீடாகப் போய்ச் சேகரித்த சீட்டுகள் ஒரு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டின. 1937-ல் நோபல் பரிசு வந்தது. இரண்டாண்டில் உலகப்போரும் வந்தது. எண்பது தாண்டிய வயதில், 1946-ல் ஜெனீவாவில் சங்கத்தைக் கலைக்கக் கூடிய கடைசிக் கூட்டத்திலும் கலந்துகொண்டு, ஐ.நா.வை வரவேற்றுப் பேசிவிட்டு வந்தார்.

1945 ஒப்பந்தமும் 1998 பேரமும்

ஐந்தாம் மார்க்வெஸை லண்டன் ‘பாபட்டி’ என்று அழைத்தது. முசோலினியோடு சமரசம் கூடாது என்று 1938-ல் ஆண்டனி ஈடனோடு சேர்ந்து துணை அமைச்சர் பதவியைத் துறந்தவர். 1945 தேர்தலில் லேபர் கட்சி பெருவெற்றி பெற்றபோது பிரபுக்கள் சபையில் கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்தார். அங்கே லேபர் உறுப்பினர்கள் மிகச் சொற்பம். நினைத்திருந்தால் ஒவ்வொரு மசோதாவையும் கவிழ்த்திருக்கலாம். கவிழ்த்தால் சபையையே கலைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். லேபர் தலைவர் அடிசனோடு பேசி ஒரு நடைமுறையை ஏற்றார்: தேர்தல் அறிக்கையில் மக்களிடம் சொல்லி வென்ற திட்டத்தைப் பிரபுக்கள் இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை. எழுதப்படாத இந்த வழக்கத்துக்குச் சாலிஸ்பரி மரபு என்றே பெயர். செசில்கள் விட்டுச்சென்றவற்றில் பிரிட்டிஷ் ஆட்சிமுறை இன்றும் அன்றாடம் புழங்குவது இதுதான். தேர்ந்தெடுக்கப்படாத சபை தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு வழிவிட்டதன் மூலம் உயிர்பிழைத்தது.

1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகியதும் அடுத்த பிரதமர் யார் என்று அமைச்சர்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டவரும் அவர்தான். ராப் பட்லரா, ஹெரால்டு மெக்மில்லனா என்பது கேள்வி. அவர் நாக்கில் ‘ர’ புரளாது. ‘வாப்’பா ‘ஹாவல்டா’ என்று கேட்டது வெஸ்ட்மின்ஸ்டரில் பல காலம் சிரிப்புக் கதையாக ஓடியது. தேர்தல் இல்லை, வாக்குச்சீட்டு இல்லை, மெக்மில்லன் பிரதமரானார். இரண்டே மாதத்தில், சைப்ரஸ் தலைவர் மகாரியோஸை விடுதலை செய்ததை எதிர்த்துப் பாபட்டி விலகினார். போகவிட்டு வருத்தப்பட யாரும் இல்லை என்பது அவருக்கு எதிர்பாராத அடி. கடைசிக் காலத்தை ஆப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சிக்காக வாதாடிக் கழித்தார். ரொடீஷியாவில் இயன் ஸ்மித் நடத்திய சிறுபான்மை ஆட்சிக்குத் தலைநகராக இருந்தது அவருடைய தாத்தாவின் பெயர் தாங்கிய நகரம். 1982-ல் அது ஹராரே ஆனது.

பாபட்டியின் பேரன், கிரான்போர்ன் வைகவுன்ட், 1990-களில் பிரபுக்கள் சபையின் கன்சர்வேட்டிவ் தலைவர். 1997-ல் பெரும்பான்மையோடு வந்த பிளேர் அரசு பரம்பரை உறுப்பினர்களை முழுவதும் அகற்றப் புறப்பட்டது. கட்சித் தலைவர் வில்லியம் ஹேக் எதிர்த்து நின்றார். கிரான்போர்ன் அவருக்குத் தெரியாமல் பிளேர் தரப்போடு பேசி முடித்தார்: எதிர்ப்பைத் தளர்த்துகிறோம், பதிலுக்கு 92 பேர் இருக்கட்டும். விஷயம் 1998 டிசம்பரில் வெளிவந்ததும் ஹேக் அவரைப் பதவிநீக்கம் செய்தார். தப்பு செய்தேன், பழக்கப்படாத வேட்டைநாய் மாதிரி ஓடிவிட்டேன் என்ற தோரணையில் கிரான்போர்ன் ஒப்புக்கொண்டார். பேரம் மட்டும் நின்றது. 1999 சட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள்; 92 இடங்கள் தங்கின. தற்காலிகம் என்று எல்லோரும் சொன்ன ஏற்பாடு கால் நூற்றாண்டு ஓடியது. மிச்சப் பரம்பரை இடங்களையும் அகற்றும் மசோதாவை லேபர் அரசு கொண்டுவந்தது 2024 செப்டம்பரில்தான். அதற்குள், 2003-ல் ஏழாம் மார்க்வெஸ் ஆகியிருந்த கிரான்போர்ன், 2017-லேயே சபையிலிருந்து தானாக ஓய்வு பெற்றுவிட்டார்.

மிஞ்சியிருப்பவை

ஒதுங்கிய எக்ஸெட்டர் கிளை அரசியலைவிட விளையாட்டில் பேர் வாங்கியது. பர்லி பிரபு டேவிட் செசில் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கை நடத்திய குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். பர்லி பூங்காவில் 1961 முதல் நடக்கும் குதிரைப் போட்டி உலகப் புகழ் பெற்றது.

ஹாட்ஃபீல்டு கிளையிடம் மாளிகையும் பூங்காவும் டார்செட்டில் கிரான்போர்ன் எஸ்டேட்டும் இருக்கின்றன. லண்டனில் சேரிங் கிராஸ் அருகே, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன செசில் கோர்ட் தெரு இன்றும் குடும்பச் சொத்துதான். சீமான்கள் பலர் வாரிசு வரி கட்ட முடியாமல் மாளிகைகளை நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்த காலத்திலும் இவர்கள் ஒப்படைக்கவில்லை. டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டார்கள், சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டார்கள். 2018-ல் வந்த ‘தி ஃபேவரிட்’ படத்தின் அரண்மனைக் காட்சிகள் பெரும்பாலும் ஹாட்ஃபீல்டில் எடுத்தவை. கூடங்களில் எலிசபெத்தின் புகழ்பெற்ற ஓவியங்கள் இரண்டு தொங்குகின்றன. அவற்றைவிட அரிய சொத்து ஆவண அறையில் இருக்கிறது: வில்லியமும் ராபர்ட்டும் சேர்த்துவைத்த ஏறக்குறைய 30,000 தாள்கள். ஸ்காட்லாந்து மேரியின் வழக்குச் சம்பந்தமான கடிதங்கள், வெடிமருந்துச் சதிக் காகிதங்கள், ஜேம்ஸோடு நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில் அடக்கம். எலிசபெத் காலத்து இங்கிலாந்தைப் பற்றி எழுதுகிற எந்த வரலாற்றாசிரியரும் அந்தக் குடும்பத்தின் கோப்பைத் திறக்காமல் எழுத முடிவதில்லை.